பொத்திப் பொத்தி ஓட்டுவதா, விரட்டி ஓட்டுவதா? ரோட்டரி இன்ஜின் எதில் நீடிக்கும்

நண்பர் ஒருவரின் தம்பி போன மாதம் ரோட்டரி இன்ஜின் வைத்த ஒரு மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 வாங்கினார். 2005ஆம் ஆண்டு வண்டி, ஆறு கியர், இங்கிலாந்தில் குதிரைத்திறனை வைத்து '231' என்று கூப்பிடும் வகை. சாவி கைக்கு வந்த அன்றே எனக்கு போன் செய்தார். "அண்ணா, மீட்டர்ல 9000 வரைக்கும் போட்டிருக்கான். அவ்வளவு தூரம் மிதிக்கலாமா? இல்ல, பொத்திப் பொத்தி ஓட்டணுமா? எல்லாரும் இன்ஜின் போயிடும், இன்ஜின் போயிடும்னே சொல்றாங்க."

அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தி வரவில்லை. இந்தக் காரை வாங்கும் யாருக்கும் முதல் வாரத்திலேயே வருகிற கேள்வி இது. சாதாரண காரில் விடை எளிது: நிதானமாக ஓட்டினால் நீடிக்கும், விரட்டினால் தேயும். ரோட்டரியில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பதினோரு ஆண்டுகளில் இரண்டு ஆர்.எக்ஸ்-8 வைத்திருந்திருக்கிறேன். ஒன்றின் இன்ஜினைப் பறிகொடுத்தேன், மற்றதை இன்றும் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தோடு சேர்த்து இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வாங்கியவர் முன்னால் உள்ள வழிகள் மூன்று. ஒன்று, 4000 ஆர்.பி.எம்.மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தாண்டாமல், கிட்ட இருக்கும் கடைக்கும் வேலைக்கும் மட்டும் பதமாக ஓட்டுவது. இரண்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு தினமும் சில தடவை சிவப்புக் கோடு, அதாவது மீட்டரில் குறித்திருக்கும் உச்சச் சுழற்சி வரை இழுத்து ஓட்டுவது. மூன்று, ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் முழு மூச்சாக விரட்டுவது. எதில் இன்ஜின் அதிக நாள் வாழும் என்பதற்கு விடை சொல்ல, இந்த இன்ஜின் எங்கே தேய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தேய்வது எது

ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. சாதாரண இன்ஜினில் இருப்பது போன்ற வால்வும் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற அறைக்குள் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகத் தகடு ஒவ்வொன்று, அடியில் ஸ்பிரிங்கோடு. இதைத்தான் ஏபெக்ஸ் சீல் என்கிறார்கள். ரோட்டரின் பக்கவாட்டில் வளைந்த கம்பி போன்ற சைடு சீல்களும், இரண்டும் சந்திக்கும் மூலைகளில் குமிழ் போன்ற கார்னர் சீல்களும் உண்டு. பெட்ரோல் வெடிக்கும் அழுத்தத்தை அறைக்குள் பிடித்து வைப்பது இந்தச் சின்னச் சின்னத் தகடுகள்தான். இவை ஒட்டாமல், உடையாமல், சுவரோடு பொருந்தி நழுவிக்கொண்டிருக்கும் வரை இன்ஜினுக்கு உயிர் உண்டு.

இந்தத் தகடுதான் ரோட்டரியின் வரலாறு முழுக்க வில்லங்கம் செய்திருக்கிறது. ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1967இல் கொண்டுவந்த ரோ 80 அடுத்த ஆண்டின் ஐரோப்பிய கார் விருதையே வாங்கியது. ஆனால் சீல்கள் சீக்கிரமே தேய்ந்து, வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி தளர்ந்துபோனது. 1969இல் அது ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது. ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் நிலையும் தொடக்கத்தில் மோசம்தான். சோதனை இன்ஜின்களின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் இருந்த 47 பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. சீல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துள்ளியதுதான் காரணம். சீலின் வடிவத்தையும் பொருளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீலோடு 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் டிராக்கில் நடந்த 84 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்களை இறக்கினார்கள். ஒன்று நான்காவதாக வந்தது. மற்றது 82ஆம் மணி நேரத்தில் நின்றது, அதுவும் ஆக்சில் பழுதானதால்.

சரி, 9000 ஆர்.பி.எம். என்றால் உள்ளே என்ன நடக்கிறது? மீட்டர் காட்டுவது நடுத் தண்டின் சுழற்சியை. தண்டு மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்றுத்தான் சுற்றும். அதாவது 9000இல் ரோட்டர் சுற்றுவது 3000. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பாகம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த இன்ஜின் அந்த வேகத்திலும் அவ்வளவு வழவழப்பாகப் பாடுகிறது. ஆனால் சீலுக்கு அது சும்மா இல்லை. ஆர்.எக்ஸ்-8இல் இருக்கும் 13பி வகை இன்ஜினில் ரோட்டரின் மையத்திலிருந்து முனைக்கு 105 மி.மீ. அந்த வேகத்தில் முனைத் தகடு சுவரில் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் உரசி ஓடுகிறது. இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும்தான்.

அந்த எண்ணெயைக் கொடுக்க ஒரு தனி பம்ப் இருக்கிறது. இன்ஜினின் அடித்தொட்டியிலிருந்து ஆயிலை எடுத்து, சொட்டுச் சொட்டாக எரியும் அறைக்குள் விடும். சுழற்சியும் சுமையும் கூடும்போது அளவையும் கூட்டும். ரோட்டரி ஆயில் 'குடிக்கிறது' என்று புகார் சொல்கிறார்களே, அது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படி. என் வண்டி ஏறக்குறைய 2000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் கேட்கும். இந்த ஆயில் எரிந்தால் கரி மிஞ்சும். கேள்வியின் முடிச்சு இந்தக் கரியில்தான் இருக்கிறது.

முதல் வழி: பதமாக ஓட்டுவது

என் முதல் ஆர்.எக்ஸ்-8ஐ விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். 41,000 மைல்தான் ஓடியிருந்தது. கீறல் இல்லை, சீட் புதுசு போல. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போவாராம், 3500ஐத் தாண்டினதே இல்லை என்று பெருமையோடு சொன்னார். இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்று நினைத்தேன். ஏழு மாதத்தில் ஒரு நாள் பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது நிமிடம் ஆறிய பிறகு எடுத்தது. அடுத்த வாரமும் அதே கதை. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுப்பது, ரோட்டரியில் கம்ப்ரஷன் (அறைக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் திறன்) போய்க்கொண்டிருப்பதற்கான பழைய அடையாளம்.

பக்கத்து கராஜ் ஒன்றில் காட்டினேன். சாதாரண கம்ப்ரஷன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். இந்த இன்ஜினில் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள் உண்டு. சாதாரண மீட்டர் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துக் காட்டும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. பிறகு ரோட்டரி தெரிந்த ஒருவரிடம் அதற்கான கருவியில் பார்த்தபோது பின் ரோட்டரில் கம்ப்ரஷன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தது. பிரித்துப் பார்த்தோம். சைடு சீல்கள் பள்ளத்துக்குள் கரியோடு கரியாக ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. அந்தப் பெரியவரின் பத்திரமான ஓட்டம் எனக்கு ஒரு புது இன்ஜின் செலவை வைத்தது. அவர் மேல் தப்பு இல்லை. வேறு எந்தக் காராக இருந்தாலும் அவர் செய்ததுதான் சரி.

ஏன் இப்படி ஆகிறது? ரோட்டரியின் எரியும் அறை நீளமாக, தட்டையாக இருக்கும். தீ அதன் கோடிவரை முழுதாகப் போய்ச் சேராது. மெதுவாக, பாதிச் சூட்டில் ஓடும்போது எரியாத பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து கரியாகப் படிகிறது. ஆர்.எக்ஸ்-8இன் ரெனிசிஸ் இன்ஜினில் புகை வெளியேறும் வழியை மாஸ்டா பக்கவாட்டுச் சுவரில் வைத்தது. புகைக் கட்டுப்பாட்டுக்கும் மைலேஜுக்கும் அது நல்ல ஏற்பாடு, 2003இன் சிறந்த இன்ஜின் விருதும் கிடைத்தது. ஆனால் அதனால் சைடு சீல்கள் கரி படியும் வழியிலேயே நாள் முழுக்க உரசிப் போகின்றன. அதோடு 231 வகையில், உயர் சுழற்சியில் மட்டும் திறக்கும் கூடுதல் காற்று வழிகள் இரண்டு உண்டு. அந்தப் பக்கமே போகாமல் ஓட்டினால் அவற்றின் வால்வுகளும் கரியில் சிக்கி நின்றுவிடும். பிறகு ஒரு நாள் மிதித்தால் வண்டி மேலே போகாமல் திணறும்.

இன்னொரு ஆபத்து குறுகிய தூரம். ஆறிய இன்ஜினில் பெட்ரோல் தாராளமாகப் பாயும். கராஜிலிருந்து வண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரே நிமிடத்தில் நிறுத்தினால், அந்தப் பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. பிளக் நனைந்து, சீல் காய்ந்து நிற்கும். அப்படி ஆனால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அப்போது பெட்ரோல் பாய்வது நிற்கும், உள்ளே தேங்கியது வெளியேறும். அதைவிட நல்லது, எடுத்த வண்டியைச் சூடாகாமல் அணைக்காமல் இருப்பது.

அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான ஆர்.எக்ஸ்-8களுக்கு மாஸ்டா இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என்று நீட்டித்தது. பந்தயக்காரர்களால் வந்த செலவு அது என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போய் வந்தவர்களின் வண்டிகள்தான் பெரும்பாலும் என்று தோன்றுகிறது. இந்த முதல் வழியை, அதுவும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டத்தோடு சேர்ந்த முதல் வழியை, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். நிதானமாக, ஆனால் நீண்ட தூரம் ஓட்டுவது வேறு. தினமும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் 3500இல் ஓடும் வண்டிக்கு இந்த அளவு கேடு வராது. அங்கே இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கிறது. பதம் என்று நினைத்துக்கொண்டு ஐந்தாம் கியரில் 1500 ஆர்.பி.எம்.மில் மேடேற மிதிப்பதுதான் மோசம். சுழற்சி குறைவு, சுமை அதிகம், ஆயிலும் குறைவாக வரும். கியரைக் குறைத்து இன்ஜினை மேலே சுற்ற விடுவதே அதற்குப் பத்திரம்.

இரண்டாம் வழி: சூடாக்கி, இழுத்து ஓட்டுவது

ரோட்டரி வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: நாளுக்கு ஒரு தடவை சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு வா, கரி அண்டாது. வெறும் வீராப்பாகத் தெரியும், ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. உயர் சுழற்சியில் வெப்பம் கூடி, புதுக் கரி கெட்டியாவதற்கு முன்பே எரிந்து போகிறது. சுழல் விசை ஏபெக்ஸ் சீலைச் சுவரோடு இன்னும் நன்றாக அழுத்துகிறது. ஆயில் பம்ப் அதிகம் ஊற்றுகிறது. பள்ளத்துக்குள் சீல்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால் ஒட்டிக்கொள்ள நேரமில்லை.

இதில் முக்கியமான சொல் 'சூடாக்கி'. அதை விட்டுவிட்டு 'இழுத்து' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் இன்ஜின்களும் போயிருக்கின்றன. ஆர்.எக்ஸ்-8இன் வெப்ப முள் ஒரு ஏமாற்று. சில நிமிடத்திலேயே நடுவுக்கு வந்து நின்றுவிடும். ஆயில் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் சூடாகும். நான் முள் நடுவுக்கு வந்த பிறகு இன்னும் பத்து நிமிடம் 4000க்குள் ஓட்டுவேன். இதை மாஸ்டாவே ஒப்புக்கொண்ட மாதிரி, 2008க்குப் பிறகு வந்த இரண்டாம் பதிப்பின் ஆர்.பி.எம். மீட்டரில் சிவப்புப் பகுதி நகரக்கூடியது. இன்ஜின் ஆறியிருந்தால் அது கீழே இருக்கும், சூடாகச் சூடாக மேலே ஏறும். பழைய வண்டியில் அந்தக் கோட்டை நாமே மனதில் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பல வருடம் முதல் வழியில் ஓடிய வண்டியை வாங்கிவிட்டு, அன்றைக்கே 9000க்கு இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெட்டியான கரித்துண்டு ஒன்று பெயர்ந்து சீலுக்கு அடியில் மாட்டினால், சீல் உடைந்து சுவரைக் கிழித்துவிடும். மூன்று நான்கு வாரம், 5000, 6000, 7000 என்று படிப்படியாக உயர்த்துங்கள். நண்பரின் தம்பியிடம் நான் முதலில் சொன்னதே இதுதான்.

இந்த வழியில் செலவு கொஞ்சம் கூடும். பெட்ரோல் நிச்சயம் அதிகம் போகும். என் இப்போதைய வண்டி லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்தால் நல்ல வாரம். ஆயில் அளவை ஒவ்வொரு இரண்டாவது பெட்ரோல் நிரப்புதலுக்கும் பார்ப்பேன். டேங்கில் லிட்டருக்கு 5 மி.லி. கணக்கில் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கலக்கிறேன். இன்ஜின் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்காகவே செய்யப்பட்டது. பெட்ரோலோடு கலந்து வருவதால் அறை முழுக்கப் பரவுகிறது. முதல் பதிப்பு வண்டியில் ஒரு ரோட்டருக்கு இரண்டு ஆயில் துளைகள்தான். இரண்டாம் பதிப்பில் நடுவே மூன்றாவதைச் சேர்த்தார்கள். அந்த நடுப்பகுதிக்குக் கலந்த ஆயில் துணையாகும் என்பது என் நம்பிக்கை. இதனால் ஆயில் பம்பே வேண்டாம் என்று கழற்றிவிடுபவர்களும் உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அதை நான் செய்ய மாட்டேன். ஒரு நாள் கலக்க மறந்தால் அவ்வளவுதான்.

கவனிக்கவே படாமல் இன்ஜினைக் கொல்வது, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் காயில். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு காயில். 30,000 மைல் வாக்கில் காயில்கள் தளரத் தொடங்கும். உடனே நின்றுவிடாது, உயர் சுழற்சியில் லேசாகத் தடுமாறும், அவ்வளவே. அந்தத் தடுமாற்றத்தில் எரியாமல் போன பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெப்பமும் அழுத்தமும் இன்ஜினுக்கே திரும்பி வந்து, சீல்களின் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்துவிடும். நாலு காயில் வாங்கும் காசை மிச்சம் பிடித்து இன்ஜினை இழந்த இரண்டு பேரை நேரிலேயே எனக்குத் தெரியும். இழுத்து ஓட்டுவதால் இன்ஜின் போனது என்று அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். காயில் நல்ல நிலையில் இருந்திருந்தால் இழுத்ததால் ஒன்றும் ஆகியிருக்காது.

மூன்றாம் வழி: டிராக்

ரேஸ் டிராக் என்றதும் எல்லோரும் பிரான்ஸின் 1991 லெ மான்ஸ் பந்தயத்தைச் சொல்வார்கள். நான்கு ரோட்டர் வைத்த மாஸ்டா 787பி, வோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ராண்ட் கஷோ மூவரும் ஓட்டி, 24 மணி நேரத்தில் 362 சுற்று முடித்து வென்றது. பிஸ்டன் இல்லாத இன்ஜின் அங்கே வென்றது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டரியில் விழுந்தவன்தான் நானும். ஆனால் அதை வைத்து நம் காரின் ஆயுளை அளக்க முடியாது. அந்த இன்ஜினுக்கு செராமிக் சீல், ரோட்டருக்கு மூன்று பிளக், பந்தயம் முடிந்ததும் பிரித்துப் பார்க்க ஒரு படையே இருந்தது. அதோடு அது ஒருபோதும் ஆறிய நிலையில் நாலு கிலோமீட்டர் போய் அணைக்கப்படவில்லை. ஒரு நாள் முழுக்க உயர் சுழற்சியில் ஓடுவதால் மட்டும் ரோட்டரி சாகாது. 787பியிலிருந்து அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டிராக்கில் எதிரி சுழற்சி அல்ல, வெப்பம். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கின் சின்னச் சுற்று 1.9 கி.மீ.தான். அதன் பேடக் ஹில் வளைவில் இறங்கி டிரூயிட்ஸ் வளைவுக்கு ஏறும்போது இன்ஜின் 7000க்குக் கீழே வருவதே அபூர்வம். காற்று வாங்க நேரான பாதை நீளமாக இல்லை. வெயில் நாளில் ஐந்தாறு சுற்றுக்குள் ஆயில் வெப்பம் மளமளவென்று ஏறிவிடும். ரோட்டரியில் ரோட்டரைக் குளிர்விப்பதே அந்த ஆயில்தான். அது மெலிந்தால் பேரிங்கும் ரோட்டரும் சேர்ந்து பாதிக்கும். தண்ணீர் சூடேறினால் இன்னும் மோசம். இரும்புச் சுவரும் அலுமினியச் சுவரும் மாறி மாறி அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கிய அடுக்கு இது. அளவு மீறிச் சூடானால் இடையிலுள்ள ரப்பர் வளையங்கள் கசியும், சுவர் வளையும். ஒரு தடவை போதும். அந்த நேரத்திலும் டேஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கும், அது நகரும்போது காரியம் முடிந்திருக்கும்.

அதனால் டிராக்குக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது உண்மையான வெப்பம் காட்டும் மீட்டர். காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓ.பி.டி. பிளக்கில் செருகி போனில் பார்க்கும் மலிவான கருவிகூடத் தண்ணீர் வெப்பத்தைச் சரியாகச் சொல்லிவிடும். 105 டிகிரியைத் தொட்டால் அடுத்த சுற்றை ஆற விட்டுவிட்டு பிட்டுக்கு வந்துவிடுவேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலர்களுக்கும் முன்னால் சேரும் இலை தழைகளைச் சுத்தம் செய்வது, புது கூலன்ட், நாளுக்கு முன்பும் பின்பும் ஆயில் பார்ப்பது, இவ்வளவும் கட்டாயம்.

இன்னொரு ஆபத்து கியர். மேலே இழுக்கும்போது சிவப்புக் கோட்டை நெருங்கினால் பீப் சத்தம் வரும், தாண்டினால் பெட்ரோலை வெட்டி வண்டியே தடுத்துவிடும். ஆனால் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நான்காவதற்குப் பதில் தவறி இரண்டாவதில் போட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும், எந்தக் கம்ப்யூட்டராலும் தடுக்க முடியாது. நடுத்தண்டு வளைந்து கொடுக்க, ரோட்டர் பக்கச் சுவரில் உரசும். டிராக்கில் கை பதறும் நேரத்தில்தான் இது நடக்கும்.

வருடத்தில் இரண்டு மூன்று நாள், ஒழுங்கான குளிர்விப்போடு, டிராக்குக்குப் போகும் ஆர்.எக்ஸ்-8இன் ஆயுள் பெரிதாகக் குறைவதாக நான் நினைக்கவில்லை. டயரும் பிரேக்கும்தான் முதலில் போகும். மாதாமாதம் போகிறவர், ஒரு நாள் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டே போக வேண்டும். இங்கே ரீபில்டுக்குக் கேட்கும் தொகை பல சமயம் காரை வாங்கிய விலையைவிட அதிகம்.

டர்போ வண்டி என்றால் கணக்கு வேறு

இதுவரை சொன்னதெல்லாம் டர்போ இல்லாத ஆர்.எக்ஸ்-8க்கு. 1991 முதல் 2002 வரை வந்த, எஃப்.டி. என்று கூப்பிடும் மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 ரோட்டரியில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இரண்டு. அங்கே நாளுக்கு ஒரு சிவப்புக் கோடு என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்து, நேரம் தப்பி ஒரு வெடிப்பு நடந்தால் போதும், 2 மி.மீ. தடிமனுள்ள ஏபெக்ஸ் சீல் நொறுங்கிவிடும். சைலன்சரை மட்டும் பெரிதாக மாற்றி, கம்ப்யூட்டரைச் சரி செய்யாமல் விரட்டிய எஃப்.டி.கள் இப்படித்தான் போயின. புகை வழி திறந்ததால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், கட்டுக்கு மேலே ஏறிவிடும். வயதான வெற்றிடக் குழாய்கள் வெடித்திருந்தாலும் இதே நிலைதான். எஃப்.டி. வைத்திருப்பவர் முதலில் குழாய்களையும் கூலிங்கையும் சரிசெய்து, பூஸ்ட் மீட்டர் வைத்து, அப்புறம்தான் மிதிக்க வேண்டும்.

யாருக்கு எது

உங்கள் தினசரி ஓட்டத்தின் தூரத்தை முதலில் பாருங்கள். ஒரு முறை எடுத்தால் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டராவது ஓடும் என்றால் இரண்டாம் வழி உங்களுக்கானது, 231 வகையே எடுக்கலாம். ஆசையும் காசும் இருந்தால் அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு டிராக் நாள் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் எப்படி ஓட்டுவது என்ற கேள்வியே வீண். அந்த வேலைக்கு வேறு காரை வைத்துக்கொண்டு இதை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், ஏனென்றால் நல்ல நல்ல வண்டிகள் இப்படிக் கரியடைத்து பழைய இரும்பாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். மலிவான 192 வகை 7500 வரைதான் போகும், ஐந்து கியர், கரி சேரும் விதத்தில் பெரிய வித்தியாசமில்லை. குறுகிய ஓட்டத்துக்கு அது தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ரோட்டரிக்கான கருவியில் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். நிமிடத்துக்கு 250 சுற்றில், சூடான இன்ஜினில், மாஸ்டா சொல்லும் நல்ல அளவு சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ. 6.9க்குக் கீழே போனால் இன்ஜின் முடிந்தது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இரண்டு ரோட்டருக்கு இடையில் 1.0க்கு மேல் கூடாது. ஆறு எண்களையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை.

நண்பரின் தம்பி போன சனிக்கிழமை பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினார். முன் ரோட்டர் 7.6, 7.5, 7.7. பின் ரோட்டர் 7.2, 7.3, 7.1. பதினெட்டு வயது தாண்டிய இன்ஜினுக்கு நல்ல எண்கள். அவர் ஆபீஸ் வீட்டிலிருந்து 4 கி.மீ. வார நாட்களில் அண்ணியின் பழைய டொயோட்டாவை எடுத்துக்கொண்டு போவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். காயில் நான்கும் பிளக் நான்கும் ஆர்டர் போட்டாகிவிட்டது. அவை வந்ததும் முதல் வாரம் 5000 வரை.